பூல் கட்டுமான நிறுவனம்

பூல் கட்டுமான நிறுவனம் என்பது கனடாவின் பிரெய்ரிப் புல்வெளிப் பகுதியில், சஸ்காச்சுவான் மாகாணத்தின் இசுடவுட்டன் என்னும் சிற்றூரில் 1906 ஆம் ஆண்டு எர்னஸ்ட் பூல் என்பவரால் தொடங்கப்பட்ட கட்டிட ஒப்பந்த நிறுவனம் ஆகும். பின்னர் இது ரெஜைனா நகருக்கும், 1932 இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகருக்கும் இடம் மாறியது. 1948 இல் நிறுவனரின் மகன்கள் இதனை வாங்கினர். 1977 இல் நிறுவனம் அதன் பணியாளர்களுக்கே விற்கப்பட்டது. இன்று பி.சி.எல் என்னும் பெயரில் இயங்கும் இது, கனடாவின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களுள் ஒன்றாகும்.

கோதுமை விலையையும் எண்ணெய் விலையையும் நம்பி வாழ்ந்த ஒரு நிலப்பகுதியில், அவை இரண்டும் வீழ்ந்த காலங்களைக் கடந்தும் நிலைத்த நிறுவனம் என்ற வகையில் இதன் வரலாறு கவனத்துக்குரியது. மேற்குக் கனடாவில் குடியேற்றம், பஞ்சம், எண்ணெய் வளம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை இந்நிறுவனத்தின் இடமாற்றங்களைக் கொண்டே அறியலாம்.

பின்னணி

பிரெய்ரி என்பது மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளி ஆகும். கிரீ, சோட்டோ, அசினிபொயின், பிளாக்ஃபுட் முதலிய முதற்குடி மக்களும் மேட்டி மக்களும் இங்கு வாழ்ந்து வந்தனர். 1871 முதல் 1877 வரை கனடிய அரசு இம்மக்களுடன் எண்ணிடப்பட்ட ஒப்பந்தங்களைச் செய்துகொண்டு, இந்நிலங்களைக் குடியேற்றத்துக்குத் திறந்தது. ரெஜைனா நகரம் 1874 இல் செய்யப்பட்ட நான்காம் ஒப்பந்த நிலத்திலும், எட்மன்டன் நகரம் 1876 இல் செய்யப்பட்ட ஆறாம் ஒப்பந்த நிலத்திலும் அமைந்துள்ளன. முதற்குடி மக்கள் சிறு ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் ஒடுக்கப்பட்டனர். பின்னர் எழுந்த ஊர்களும் கட்டிடங்களும் இந்த மாற்றத்தின் மீதே எழுந்தவை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1872 ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்திய குடியேறி ஒருவர் 160 ஏக்கர் நிலத்தைப் பெறலாம். மூன்று ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, நிலத்தின் ஒரு பகுதியை உழுது, ஒரு வீட்டையும் கட்டினால் நிலம் அவருக்குச் சொந்தமாகும். அதாவது, வீடு கட்டுதல் என்பது நில உரிமை பெறுவதற்கான சட்ட நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது.

கனடிய பசிபிக் தொடருந்துப் பாதை 1885 இல் நிறைவுற்ற பின்னரும் குடியேற்றம் மெதுவாகவே நடந்தது. 1896 க்குப் பின்னர் அது பெருகியது. 1905 செப்டம்பர் 1 அன்று சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் மாகாணங்கள் ஆயின. குடிக்கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை பின்வருமாறு உயர்ந்தது.

* சஸ்காச்சுவான்: 1901 இல் 91,279; 1911 இல் 492,432
* ஆல்பர்ட்டா: 1901 இல் 73,022; 1911 இல் 374,295
* ரெஜைனா நகரம்: 1901 இல் 2,249, 1911 இல் 30,213

பத்தே ஆண்டுகளில் ஒரு மாகாணத்தின் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல் உயரும்போது வீடு, பள்ளி, கடை, வங்கி, தேவாலயம், மருத்துவமனை என அனைத்தையும் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. தச்சுத் தொழில் தெரிந்த ஓர் இளைஞர் சில ஆண்டுகளில் ஒப்பந்ததாரர் ஆவதற்கு இச்சூழல் இடமளித்தது.

தோற்றம்

எர்னஸ்ட் பூல் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள பிரின்சு எட்வர்ட் தீவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் கிழக்கு மாகாணங்களில் இருந்து வேலை தேடி மேற்கு நோக்கிச் சென்ற பல்லாயிரம் இளைஞர்களுள் இவரும் ஒருவர். 1906 இல் தென்கிழக்கு சஸ்காச்சுவானின் இசுடவுட்டனில் இவர் தமது தொழிலைத் தொடங்கினார். இசுடவுட்டன் தொடருந்துப் பாதையை ஒட்டி எழுந்த ஊர்களுள் ஒன்று. இங்கிருந்து ரெஜைனா வரை செல்லும் பாதை, சமதரையில் வளைவின்றி ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்ததால் பெயர் பெற்றது.

சிற்றூர் ஒப்பந்ததாரரின் வேலை அக்காலத்தில் பெரும்பாலும் பண்ணை வீடுகள், கால்நடைக் கொட்டகைகள், ஓரறைப் பள்ளிகள், கடைகள் போன்றவையே. பெரிய அரசுக் கட்டிடங்கள் கிழக்கு நகரங்களின் ஒப்பந்ததாரர்களுக்கே சென்றன. எடுத்துக்காட்டாக, 1908 முதல் 1912 வரை ரெஜைனாவில் கட்டப்பட்ட சஸ்காச்சுவான் சட்டமன்றக் கட்டிடத்தின் வடிவமைப்பாளர்களும் ஒப்பந்ததாரரும் மொன்றியல் நகரைச் சேர்ந்தவர்கள். பிரெய்ரியிலேயே பிறந்த நிறுவனங்கள் அத்தகைய பெரும் பணிகளை ஏற்கும் அளவுக்கு வளர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின.

பிரெய்ரியில் கட்டுமானம்

பிரெய்ரி நிலம் கட்டுநருக்கு எளிதான நிலம் அன்று. நிறுவனம் வளர்ந்த சூழலை அறிய, அங்கு கட்டுமானம் எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சுருக்கமாகக் காணலாம்.

மரம்: புல்வெளியில் பெருமரங்கள் இல்லை. தொடக்கக் குடியேறிகள் பலர் புல்வேர் பின்னிய மண்கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினர். தொடருந்து வந்த பின்னர் பிரிட்டிசு கொலம்பியாவில் இருந்து அறுத்த பலகைகள் வந்தன. ஆகவே ஓர் ஊரின் தொடருந்து நிலையமும் மரக்கிடங்கும் அவ்வூரின் கட்டிடத் தொழிலுக்கு அடிப்படை ஆயின. ஈட்டன் என்னும் அங்காடி நிறுவனம் 1910 முதல் 1932 வரை வீட்டு வரைபடங்களையும் அதற்கான மரப்பொருட்களையும் விலைப்பட்டியல் மூலம் அஞ்சல் வழி விற்றது. இதனால் ஊர் ஒப்பந்ததாரருக்கு வேலையும் கிடைத்தது, போட்டியும் எழுந்தது.

கல்லும் செங்கல்லும்: மானிட்டோபாவின் கார்சன் பகுதியில் வெட்டப்படும் டின்டல் கல் என்னும் புள்ளியிட்ட சுண்ணக்கல், பிரெய்ரியின் முக்கிய அரசுக் கட்டிடங்களில் பயன்பட்டது. பழங்கால உயிரினங்களின் புதைபடிவங்களை இக்கல்லின் பரப்பில் காணலாம். ஆல்பர்ட்டாவின் மெடிசின் ஆட், சஸ்காச்சுவானின் கிளேபேங்க் ஆகிய இடங்களில் செங்கல் சூளைகள் இயங்கின.

மண்: ரெஜைனா நகரம் பனியாற்றுக் கால ஏரி ஒன்றின் அடித்தளக் களிமண்ணின் மீது அமைந்துள்ளது. இக்களிமண் நீரை உறிஞ்சினால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இதனால் சுவர்கள் வெடிப்பதும் நிலவறைத் தளங்கள் மேலெழுவதும் அங்கு இயல்பு. பெரிய கட்டிடங்களை ஆழமான தூண் அடித்தளங்களின் மீது நிறுத்த வேண்டும்.

குளிர்: குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 பாகை வரையும் அதற்கும் கீழும் இறங்கும். நிலம் ஆழமாக உறைந்துவிடும். இறுகும் முன் உறைந்த கற்காரை வலுவிழக்கும். ஆகவே தொடக்க காலத்தில் மண்வேலையும் அடித்தளமும் பெரும்பாலும் கோடையிலேயே முடிக்கப்பட்டன. பிற்காலத்தில் கட்டிடத்தைச் சுற்றித் திரையிட்டு உள்ளே வெப்பமூட்டிக் குளிர்காலத்திலும் பணி தொடர்ந்தது. ஆண்டின் பாதிக் காலம் மட்டுமே முழு வேகத்தில் வேலை நடக்கும் தொழிலில், தேர்ந்த தச்சரையும் கொத்தரையும் ஆண்டு முழுவதும் தக்கவைத்துக் கொள்வது ஒப்பந்ததாரரின் பெருஞ்சிக்கலாக இருந்தது.

ஒப்பந்த முறையும் இடர் நிறைந்தது. ஒப்பந்தப்புள்ளி முறையில், குறைந்த விலை கேட்பவருக்கே பணி கிடைக்கும். விலை முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் பின்னர் மரத்தின் விலை ஏறினாலும், மண் எதிர்பார்த்ததை விட மோசமாக இருந்தாலும் இழப்பு ஒப்பந்ததாரருடையதே. ஒரு பெரிய பணியில் ஏற்படும் பிழையான மதிப்பீடு, பல ஆண்டு இலாபத்தை விழுங்கிவிடக்கூடும். கட்டிட ஒப்பந்த நிறுவனங்கள் பல ஒரு தலைமுறையைத் தாண்டாமல் மறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ரெஜைனா காலம்

ஊர்களில் தொழில் கற்ற நிறுவனம், மாகாணத் தலைநகரான ரெஜைனாவுக்கு மாறியது. அரசு அலுவலகங்களும் வணிகக் கிடங்குகளும் அங்கேயே திரண்டிருந்தன. எனினும் வளர்ச்சி சீராக இருக்கவில்லை. 1913 இல் பிரித்தானிய முதலீடு குறைந்தது, நில விலை சரிந்தது, மேற்கு நகரங்களில் கட்டிடப் பணிகள் பெரும்பாலும் நின்றன. அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது.

1920களின் பிற்பாதியில் நல்ல விளைச்சலும் நல்ல விலையும் சேர்ந்து இரண்டாவது வளர்ச்சி அலையைக் கொண்டுவந்தன. உழவர் கூட்டுறவுகள் ஊர்தோறும் தானியக் களஞ்சியங்களை எழுப்பின. இக்களஞ்சியங்களின் சுவர்கள், பலகைகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆணியடித்துக் கட்டப்பட்டவை. உள்ளே நிரம்பும் கோதுமையின் அழுத்தத்தைத் தாங்க இம்முறை தேவைப்பட்டது. 1931 இல் சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 921,785 ஆக உயர்ந்து, கனடாவின் மூன்றாவது பெரிய மாகாணமாக அது விளங்கியது.

பெரும் பொருளாதார வீழ்ச்சியும் எட்மன்டன் இடமாற்றமும்

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி சஸ்காச்சுவானைப் போல் கனடாவின் வேறு எந்த மாகாணத்தையும் வருத்தவில்லை எனலாம். 1932 இன் இறுதியில் ஒரு புசல் கோதுமையின் விலை 40 சென்டுக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் வறட்சியும் புழுதிப் புயலும் வெட்டுக்கிளியும் சேர்ந்து தாக்கின. உழவரிடம் பணமில்லை, நகராட்சியிடம் வரியில்லை, ஆகவே கட்டுவதற்கு ஆளில்லை.

1932 இல் பூல் நிறுவனம் தனது தலைமையகத்தை எட்மன்டனுக்கு மாற்றியது. இந்த இடமாற்றத்தின் பொருளை நிலவியல் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர், பிரெய்ரியின் தென்பகுதியில் முக்கோண வடிவிலான பெருநிலம் வேளாண்மைக்கு ஏற்றதன்று என அறிக்கை அளித்திருந்தார். தென் சஸ்காச்சுவானின் பெரும்பகுதி இந்த வறண்ட முக்கோணத்துக்குள் அடங்கும். எட்மன்டன் அதற்கு வடக்கே, ஈரமும் மரங்களும் நிறைந்த கருமண் வலயத்தில் உள்ளது. அங்கும் வீழ்ச்சி இருந்தது, ஆயினும் வறட்சி அத்துணைக் கொடியதாக இல்லை. வடக்கு நிலப்பரப்புகளுக்குச் செல்லும் வாயிலாகவும் அந்நகரம் விளங்கியது.

பின்னாளைய கணக்கெடுப்புகள் இரு இடங்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 1936 இல் 931,547 ஆக இருந்து 1941 இல் 895,992 ஆகக் குறைந்தது. எட்மன்டன் நகரத்தின் மக்கள்தொகையோ 1931 இல் 79,197 ஆக இருந்து 1941 இல் 93,817 ஆக உயர்ந்தது.

எண்ணெய்க் காலம்

1942 இல் அலாசுக்கா நெடுஞ்சாலை அமைக்கப்பட்டபோது எட்மன்டன் அதற்கான வழங்கல் தளமாக மாறியது. போர் முடிந்த பின்னர் இன்னும் பெரிய மாற்றம் வந்தது. 1947 பெப்ரவரி 13 அன்று எட்மன்டனுக்குத் தெற்கே லெடூக் அருகில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. கோதுமை மாகாணமாக இருந்த ஆல்பர்ட்டா, எண்ணெய் மாகாணமாக மாறியது. எட்மன்டனின் மக்கள்தொகை 1951 இல் 159,631 ஆகவும், 1961 இல் 281,027 ஆகவும், 1971 இல் 438,152 ஆகவும் பெருகியது.

1948 இல், அதாவது எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டில், எர்னஸ்ட் பூலின் மகன்களான ஜான் பூலும் ஜார்ஜ் பூலும் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கினர். அவர்களின் காலத்தில் மேற்குக் கனடாவில் அலுவலகக் கோபுரங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் தேவை பெருகியது. 1967 இல் வட ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணலில் இருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்கும் முதல் ஆலை திறக்கப்பட்டது. இதன் பின்னர் தொழிற்சாலைக் கட்டுமானம் என்பது வீடு, அலுவலகக் கட்டுமானத்தில் இருந்து வேறான தனித்துறையாகவே வளர்ந்தது.

1949 இல் பொறியாளராக நிறுவனத்தில் சேர்ந்த ராபர்ட் இசுடாலரி, படிப்படியாக உயர்ந்து அதன் தலைவர் ஆனார். பூல் குடும்பத்தைச் சேராத ஒருவரின் கையில் அன்றாட நிர்வாகம் சென்றது, பின்னர் நிகழ்ந்த உரிமை மாற்றத்துக்கு வழி வகுத்தது.

பணியாளர் உடைமை

குடும்ப நிறுவனம் ஒன்றின் உரிமையாளர்கள் விலக விரும்பும்போது பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கலாம், வெளி நிறுவனத்துக்கு விற்கலாம், அல்லது பங்குச்சந்தையில் பங்குகளை வெளியிடலாம். பூல் சகோதரர்கள் நான்காவது வழி ஒன்றைத் தேர்ந்தனர். 1977 இல் இசுடாலரியின் தலைமையிலான பணியாளர் குழு நிறுவனத்தை வாங்கியது. அதன் பின்னர் பூல் கட்டுமான நிறுவனம் என்னும் பெயரின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராக நிலைத்தன.

ஒப்பந்தத் தொழிலில் நிறுவனத்தின் மதிப்பு, இயந்திரங்களிலும் நிலத்திலும் இருப்பதை விட, விலையைச் சரியாக மதிப்பிடத் தெரிந்தவர்களிடமும், பணித்தளத்தை நடத்தத் தெரிந்தவர்களிடமும் உள்ளது. அவர்கள் விலகிச் சென்றால் வாங்கியவருக்கு எஞ்சுவது வெறும் பெயரே. அவர்களையே உரிமையாளர் ஆக்குவது இச்சிக்கலுக்கு ஒரு விடையாக அமைந்தது. பங்குகள் பணியில் உள்ளோரிடம் மட்டுமே இருக்கும். விலகுவோரும் ஓய்வு பெறுவோரும் தம் பங்குகளைத் திரும்ப ஒப்படைக்க, அவை அடுத்து வருவோருக்குச் செல்லும்.

இம்முறையில் குறைகளும் உண்டு. வெளியில் இருந்து பங்கு முதல் திரட்ட இயலாது. பணியாளரின் ஊதியமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதால், நிறுவனம் வீழ்ந்தால் இரண்டும் ஒருங்கே போகும்.

இக்குறை வெறும் கோட்பாட்டளவில் நிற்கவில்லை. 1980 அக்டோபரில் கனடிய நடுவண் அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. ஆல்பர்ட்டாவில் எண்ணெய் முதலீடு குறைந்தது. 1981 ஆகத்தில் கனடிய வங்கியின் வட்டி வீதம் 21 விழுக்காட்டை எட்டியது. 1986 இல் உலக எண்ணெய் விலையும் சரிந்தது. எட்மன்டன், கால்கரி நகரங்களில் கட்டிடத் தொழில் முடங்கியது. சொந்தச் சேமிப்பை இட்டு நிறுவனத்தை வாங்கியவர்களுக்கு, வாங்கிய பத்தாண்டுகளுக்குள்ளேயே வந்த கடுஞ்சோதனை இது. எனினும் 1970களிலேயே நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் கால் பதித்திருந்தது. அதன் அமெரிக்கத் தலைமையகம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் அமைந்தது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் அது பணிகளை ஏற்றது. ஒரே மாகாணத்தின் ஒரே விளைபொருளை நம்பியிராமை, 1932 இல் கற்ற பாடத்தின் நீட்சி எனலாம்.

குறிப்பிடத்தக்க கட்டிடங்கள்

நிறுவனம் பிற்காலத்தில் முதன்மை ஒப்பந்ததாரராகக் கட்டிய சில கட்டிடங்கள்:

* ஏர் கனடா மையம், டொராண்டோ (1999). 2018 முதல் இசுகோசியாபேங்க் அரங்கம் எனப்படுகின்றது.
* இசுடேப்பிள்சு மையம், லாஸ் ஏஞ்சலஸ் (1999). 2021 இன் இறுதியில் கிரிப்டோ.காம் அரங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது.
* கனடிய மனித உரிமைகள் அருங்காட்சியகம், வினிப்பெக் (2014).
* ரோஜர்சு பிளேசு அரங்கம், எட்மன்டன் (2016).
* மொசைக் விளையாட்டரங்கம், ரெஜைனா (2017).
* இசுடான்டெக் கோபுரம், எட்மன்டன் (2019). 66 மாடிகளும் 251 மீட்டர் உயரமும் கொண்டது.

இவற்றுள் இரண்டு இந்நிறுவனத்தின் பழைய வரலாற்றுடன் தொடர்புடையவை. மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன் பிரெய்ரியின் அரசுக் கட்டிடங்களுக்குப் பயன்பட்ட அதே டின்டல் கல் பயன்படுத்தப்பட்டுள்ளது. மொசைக் விளையாட்டரங்கம், 1932 இல் நிறுவனம் நீங்கிச் சென்ற ரெஜைனா நகரிலேயே எழுந்துள்ளது. ஒரு காலத்தில் அந்நகரின் பெரும்பணிகள் மொன்றியல் ஒப்பந்ததாரருக்குச் சென்றதை எண்ணினால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

அறக்கொடை

எர்னஸ்ட் பூலின் பெயரிலான அறக்கட்டளை, கனடிய ஓவியங்களின் தொகுப்பு ஒன்றை எட்மன்டன் கலைக்கூடத்துக்கு வழங்கியது. அக்கலைக்கூடம் இன்று ஆல்பர்ட்டா கலைக்கூடம் எனப்படுகின்றது. 1989 இல் ஜான் பூல், ஜார்ஜ் பூல், ராபர்ட் இசுடாலரி ஆகியோர் எட்மன்டன் சமூக அறக்கட்டளை தோன்றுவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தனர். எட்மன்டனில் 2001 இல் திறக்கப்பட்ட இசுடாலரி சிறுவர் மருத்துவமனை, ராபர்ட் இசுடாலரி குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. ஜான் பூலும் ராபர்ட் இசுடாலரியும் 2007 இல் காலமாயினர்.

ஒப்பீடு

பிரெய்ரியில் தோன்றி நெடுங்காலம் இயங்கிய கட்டுமான நிறுவனங்கள் வேறு சிலவும் உள்ளன. வினிப்பெக்கில் 1907 இல் தொடங்கப்பட்ட கார்ட்டர்-ஆல்சு-ஆல்டிங்கர் நிறுவனம் மேற்குக் கனடாவின் முன்னணி ஒப்பந்ததாரர்களுள் ஒன்றாக விளங்கியது. 1920 இல் மூசு ஜா நகரில் ஹூபர்ட் பர்டு தொடங்கிய பர்டு கட்டுமான நிறுவனம் பிற்காலத்தில் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. 1947 இல் லெடூக் எண்ணெய் வயலை ஒட்டித் தோன்றிய லெட்கோர் நிறுவனம் எண்ணெய்க் காலத்தின் குழந்தை எனலாம். பூல் நிறுவனம் கோதுமைக் காலத்தில் பிறந்து எண்ணெய்க் காலத்தில் வளர்ந்தது என்பதும், குடும்ப உடைமையில் இருந்து பணியாளர் உடைமைக்கு மாறியது என்பதும் இதன் தனித்தன்மைகள்.

காலக்கோடு

* 1906 - இசுடவுட்டனில் எர்னஸ்ட் பூல் தொழில் தொடங்குதல்
* 1932 - தலைமையகம் ரெஜைனாவில் இருந்து எட்மன்டனுக்கு மாறுதல்
* 1947 - லெடூக் எண்ணெய்க் கண்டுபிடிப்பு
* 1948 - ஜான் பூல், ஜார்ஜ் பூல் நிறுவனத்தை வாங்குதல்
* 1977 - பணியாளர் உடைமைக்கு மாறுதல்
* 2006 - நிறுவனத்தின் நூற்றாண்டு

இவற்றையும் பார்க்க

* சஸ்காச்சுவான்
* எட்மன்டன்
* பெரும் பொருளாதார வீழ்ச்சி
* பணியாளர் உடைமை
* ஆல்பர்ட்டா எண்ணெய் மணல்